பத்தில் ஒரு பங்கு

அறைந்தது இந்த வலது கைதான். ஊசியைப் பிடித்துக்கொண்டிருப்பதும் இதே கைதான். நேற்றுக் காலை எட்டு மணிக்கு என் பெண்டாட்டி பேச்சியின் கன்னத்தில் போய் விழுந்த கை, இன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு நடுக்கமும் இல்லாமல் ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தி அரை மில்லி வாயுவை உறிஞ்சி எடுக்கிறது. நடுங்கினாலாவது கொஞ்சம் மரியாதையாக இருக்கும். நடுங்க மாட்டேன் என்கிறது, நாய்க்குப் பிறந்த கை. எனக்கு முன்னால் மேஜையில் இரண்டு கண்ணாடிப் பாத்திரங்கள். இரண்டிலும் நூறு மில்லி தண்ணீர், இரண்டிலும் நான் செய்த பொடி, இரண்டையும் ஆளுக்கொரு விளக்கு முகத்துக்கு நேராக அடித்துக்கொண்டிருக்கிறது. வெளிச்சம் பட்டால் பொடி தண்ணீரை உடைத்து ஹைட்ரஜனைத் துப்பும். புகையில்லாத எரிபொருள், நாளைய உலகம், இந்த லேபின் தலைவர் ஞானதுரை சார் மேடையில் கையை விரித்துக்கொண்டு சொல்கிற எல்லாமும் இதுதான். இடது பாத்திரம் நான்கு நாளாக ஓடுகிறது. இப்போது தொண்ணூற்றொன்பதாவது மணி. முதல் மணியில் எவ்வளவு வந்ததோ அவ்வளவே இப்போதும் வருகிறது. மூன்று மணிக்கு நூறு ஆகும், சார் வருவார், அல்வா வரும், என் நான்கு வருஷம் கரையேறும். வலது பாத்திரம் யாருக்கும் தெரியாமல் நேற்றுக் காலை பத்து மணிக்கு நான் ஏற்றி வைத்தது. அதே தண்ணீர், அதே பொடி, ஆனால் பத்தில் ஒரு பங்குதான். முதல் மணியில் வாயுவை அளக்கிற கருவி அதற்கு நானூற்றுப் பத்து காட்டியது. அதற்குப் பிறகு எடுத்துப் பார்க்கவில்லை. தைரியம் இல்லை. இப்போது உள்ளே சேர்ந்திருந்த வாயுவையெல்லாம் துரத்திவிட்டு மறுபடி மூடியிருக்கிறேன். மூன்று மணிக்கு அதிலும் ஊசி போடுவேன். நானூறு பக்கம் வந்தால் பேச்சி சொன்னது தப்பு. விழுந்திருந்தால் அவள் சொன்னது சரி, சரியானதைச் சொன்னதற்காகத்தான் அவளை அடித்தேன் என்று ஆகிவிடும். இந்த ஒரு மணி நேரத்தில் எனக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான்.

எங்கே ஆரம்பித்தது என்றால் இட்லியில்தான். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அவள் எதிரில் உட்கார்ந்து பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள், சிவப்புப் பேனா, மூக்கில் கண்ணாடி. நாளைக்கு மூணு மணிக்கு நூறு அடிச்சிருவோம் என்றேன். பெருமைதான், வேறென்ன. நான்கு வருஷமாகப் பெருமைப்பட ஒன்றும் இல்லாதவன் ஒரு வாய் பெருமை பேசினால் என்ன. கேட்டுவிட்டுச் சிரித்தாள், சந்தோஷமாகத்தான் சிரித்தாள், அதையும் சொல்லிவிட வேண்டும். "எவ்வளவு பொடி போட்டிருக்கீங்க?" என்று சும்மா கேட்டாள். இருநூறு மில்லிகிராம் என்றேன். "நூறு மில்லிக்கா?" ஆமாம் என்றேன். பேனா நின்றது. நான் பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தேன். "அது சேறால்லா இருக்கும்," என்றாள். அப்புறம் ஐந்து வருஷமாகக் கூப்பிடாத மாதிரிக் கூப்பிட்டாள். "மாரி, வெளிச்சம் உள்ள போவவே போவாதே. முன்னால இருக்கது மட்டுந்தான் வேல செய்யும். அது செத்தா பின்னால இருக்கது சுத்திக்கிட்டு முன்னால வந்துரும். சாகச் சாக ஆள் வந்துக்கிட்டே இருக்கும், கோடு நேராத்தான் போவும். பத்துல ஒரு பங்கு போட்டுப் பாரு, தெரிஞ்சுரும்." இதே லேபில் என் பக்கத்து மேஜையில் மூன்று வருஷம் நின்றவள். அப்போது மாரி, நீ, வா, போ எல்லாம் உண்டு. கல்யாணத்துக்கு அப்புறம் எங்கம்மா, புருஷன் பேரை வாயால சொல்லாத தாயி என்று ஒரு தடவை சொன்னதும் விட்டுவிட்டாள். ஆராய்ச்சியையும் அப்படித்தான் விட்டாள். வீட்டுக்கு ஒருத்தராவது சம்பாதிக்க வேண்டும் என்று இருந்தது, அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள், நான் இங்கேயே நின்றேன். அவள் மூளை என்னுடையதைவிட நல்ல மூளை. லேபில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். "நீ போயிப் பிள்ளைகளுக்குப் பீரியாடிக் டேபிள் நடத்து," என்றேன். அவள் கேலியாகத்தான் சொன்னாள், "பீரியாடிக் டேபிள் நடத்துதவளுக்கே தெரியுது, உங்க சாருக்குத் தெரியலையாக்கும்?" கை போய்விட்டது. போய்விட்டது என்ன போய்விட்டது, நான் அனுப்பினேன். கண்ணாடி பறந்து சட்னியில் விழுந்தது. அவள் அழவில்லை. எடுத்தாள், குழாயில் கழுவினாள், முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டாள். கண்ணாடியின் ஒரு காதுக் கம்பி வளைந்துபோய் மூக்கில் கோணலாக உட்கார்ந்தது. "பஸ்சு போயிரும்," என்று சொல்லிவிட்டு விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கன்னத்தில் நாலு விரலோடு நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்றிருப்பாள். நான் இங்கே வந்தேன். வந்து முதல் வேலையாக என்ன செய்தேன் தெரியுமா, மன்னிப்புக் கேட்டு ஒரு வரி அனுப்பினேனா, இல்லை. தராசைத் திறந்து இருபது மில்லிகிராம் நிறுத்தேன்.

வீட்டுக்குப் போகவில்லை. விளக்கைக் கவனிக்க ஆள் வேண்டும் என்று ஒரு சாக்கு. இரண்டு விளக்கும் சீறுகின்றன, காற்று கருகிய வாடை, புளித்த தயிர் வாடை. தயிர் வாடை பாத்திரத்துக்குள் இருக்கிற அமிலத்தின் வாடை. தண்ணீரில் அதைக் கலக்காவிட்டால் பொடி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. எங்கள் பாஷையில் அதற்குப் பலி என்றே பேர். அது தன்னைக் கொடுத்துப் பொடியைக் காப்பாற்றும். என்ன தொழில் பார், ஒருத்தன் உயிரோடிருக்க இன்னொருத்தன் கரைய வேண்டும். அப்படியும் பொடி சாகும். வெளிச்சம் வந்து ஓங்கி அடிக்கிறது, அடி விழுந்ததும் பொடிக்குள்ளிருந்து ஒன்று தெறித்து வெளியே ஓடுகிறது, ஓடினது போய் ஹைட்ரஜன் செய்கிறது, சரி, நல்லது. அது ஓடின இடத்தில் ஒரு காயம் இருக்கிறதே, அந்தக் காயம் சும்மா இருக்காது, பொடியையே பிய்த்துத் தின்ன ஆரம்பிக்கும். வெளிச்சம் இல்லாவிட்டால் வேலை நடக்காது, வெளிச்சம் இருந்தால் வேலை செய்கிறவன் சாவான். உலகம் பூராவும் இதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் மல்லுக்கட்டினது ஒரு தோலை வைத்து. மஞ்சள் நிறப் பொடியின் மேல் சர்க்கரையைக் கருக்கிக் கரியில் ஒரு தோல், கண்ணுக்குத் தெரியாத தோல், அடியை வாங்கிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கும் என்று. எத்தனை தடவை கருகிப்போனது, எத்தனை தடவை அடுப்புக்குள் வெடித்து ஸ்டீல் குடுவை சுவரில் போய்ப் பதிந்தது. சுவரில் இன்னும் பள்ளம் இருக்கிறது. ஒரு தடவை சூடு தாங்காமல் மூடி கழன்று என் காதோரம் போனது, அரை விரற்கடை தள்ளி நின்றிருந்தால் காது இருக்காது. அதற்கெல்லாம் பயப்படவில்லை. நேற்று ஒரு பேனா நின்றதற்குப் பயந்துவிட்டேன். இருநூறு மில்லிகிராம் ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. சாருடைய முதல் மாணவர் இருநூறு போட்டார், அடுத்தவரும் இருநூறு போட்டார், ஆயுத பூஜைக்குத் தராசுக்குச் சந்தனம் வைக்கிற மாதிரி இருநூறும் வழிவழியாக வந்துவிட்டது. இருநூறு போட்டால் வாயு நிறைய வரும், எண் பெரிதாக இருக்கும், சார் முகம் மலரும். அது போதும் என்று இருந்துவிட்டோம், படித்த முட்டாள்கள்.

இரண்டு இருபது. அவள் தப்பாகவும் சொல்லியிருக்கலாமே. ஐந்து வருஷம் லேபுக்கு வெளியே இருந்தவள். தோல் நல்ல தோலாக இருந்தால் இருபதும் தாங்கும், இருநூறும் தாங்கும். அப்படி வந்தால் என்ன ஆகும்? நான் அடித்தது அடித்ததுதான், ஆனால் ஒரு தப்பான பேச்சுக்கு அடித்ததாக ஆகும். அது கொஞ்சம் சின்னது. அடியைக்கூடப் பெரிது சின்னது என்று நிறுத்துப் பார்க்கிறேன், வெட்கங்கெட்டவன். சாகச் சாக ஆள் வந்துக்கிட்டே இருக்கும். ஏன் அப்படிச் சொன்னாள். வேறு எப்படியாவது சொல்லியிருக்கலாம். எங்கள் ஊர்ப் பக்கம் பட்டாசு ஆலையில் சங்கரம்மா சித்தி, எங்கம்மாவின் தங்கச்சி, மருந்து செலுத்துகிற அறையில் இருந்தாள். எனக்குப் பதினொரு வயது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வெடித்தது, பள்ளிக்கூடத்து ஜன்னல் அதிர்ந்தது, வாத்தியார் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பாடத்தை மறுபடி நடத்தினார். பழக்கம். சித்தியைச் சேலையில் கூட்டி எடுத்து வந்தார்கள். கூட்டி என்றால் கூட்டித்தான். ஒரு செருப்பு மட்டும் முழுசாகக் கிடைத்தது. சடங்கெல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து அம்மா சம்பளப் பாக்கி கேட்கப் போனபோது என்னையும் கூட்டிப் போனாள். பக்கத்து அறையில், சித்தி உட்கார்ந்திருந்த மாதிரியே காலை மடக்கிக்கொண்டு, வேறொரு அக்கா உட்கார்ந்து மருந்து செலுத்திக்கொண்டிருந்தாள். வாய் நிறைய வெற்றிலை. எங்களைப் பார்த்து, யாரும்மா என்றாள். ஃபோர்மேன், "ஆர்டர் நிக்கக் கூடாதுல்லம்மா, அதான் மறுநாளே ஆள் போட்டுட்டோம்," என்று அம்மாவுக்கே ஆறுதல் மாதிரிச் சொன்னான். அந்தத் தீபாவளிக்கு அந்த ஆலையில் உருப்படி ஒன்றுகூடக் குறைந்திருக்காது. எழுதிப் பார்த்தால் கோடு நேராகப் போயிருக்கும். நான் அன்றைக்கு அந்த ஃபோர்மேனின் கழுத்தைக் கடிக்க வேண்டும் என்று நினைத்தேன். நிஜமாகவே கடிக்க, பல் பதிய. இருபத்திரண்டு வருஷம் கழித்து நானே நாலு நாளாக ஒரு நேர்க்கோட்டைப் பார்த்து இளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு நாளாகச் செத்துக்கொண்டிருக்கிறதோ அந்தச் சேற்றுக்குள்ளே. இல்லை, சாகவில்லை, தோல் இருக்கிறது. இருக்கிறதா? வலது பாத்திரத்தைச் சுற்றி அலுமினியத் தாள் சுற்றி வைத்திருக்கிறேன், விளக்குக்கு மட்டும் ஒரு ஜன்னல் விட்டு. வெளிச்சம் சிதறாமல் இருக்க என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். நிறம் வெளுத்திருந்தால் கண்ணில் பட்டுவிடும் என்றுதான் சுற்றினேன்.

கதவு திறந்தது. சுடலை அண்ணன், லேப் அட்டெண்டர், இரண்டு கையிலும் பை. "தம்பி, சார் அல்வா வாங்கியாரச் சொன்னாவ, ரெண்டு கிலோ. சுடச்சுட இருக்கு, எங்க வைக்க?" வெளியே வையுங்கள் என்றேன். வைக்கவில்லை. அவருக்கு எதையாவது தொட வேண்டும். "அந்தப் பாத்திரத்துக்கு ஏன் வே சட்ட போட்ருக்கீரு? குளுருதாக்கும்?" என்று சிரித்துக்கொண்டே தாளின் ஓரத்தைப் பிடித்தார். என்ன நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை, அவர் மணிக்கட்டு என் பிடிக்குள் இருந்தது, முறுக்கிக்கொண்டிருந்தேன், எலும்பு நகர்வது தெரிந்தது, இன்னும் கொஞ்சம் முறுக்கலாம் என்றும் தோன்றியது, அந்தத் தோன்றல் இனிப்பாக இருந்தது. "ஏ, விடும் வே! கை ஒடிஞ்சிரும்!" விட்டேன். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு ஒரு பார்வை பார்த்தார். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர், எனக்காக எத்தனை தடவை கேஸ் சிலிண்டர் உருட்டி வந்திருக்கிறார். மன்னிச்சிருங்கண்ணே, சோதனை பாதியில இருக்கு, அதான் என்றேன். பாருங்கள், இவரிடம் உடனே வந்துவிட்டது அந்த வார்த்தை. "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டும்பாவ," என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வீட்ல சண்டையோ? நேத்து இங்கனயே படுத்துட்டீராமே. கை வச்சிட்டீரா?" ஊசியை எடுத்துத் துடைத்தேன். அவருக்கு அது போதும். தோளில் தட்டினார். "இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு. நான்லாம் மாசத்துக்கு ஒருக்க குடுத்துருவேன். அதுலதான் வீடு நெலையா நிக்கி." சொல்லிவிட்டுச் சிரித்தார், நானும் சிரித்தேன். சிரித்தேன் என்பதுதான். ஒரு நிமிஷம் நெஞ்சுக்குள் இதமாக இருந்தது, ஆட்களோடு ஆளாகச் சேர்ந்துவிட்ட இதம். அவர் அல்வாவை ஓரத்தில் வைத்துவிட்டுப் போன பிறகு நெய் வாடையும் தயிர் வாடையும் கலந்து அடித்தது. கை கழுவும் தொட்டியில் போய்த் துப்பினேன், ஒன்றும் வரவில்லை.

இரண்டு நாற்பது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பாள் அம்மா, அப்பா அடித்துவிட்டுப் பூ வாங்கி வரும் நாட்களில், உதட்டில் ரத்தத்தோடு சொல்வாள். அப்பா அணைத்து நான் பார்த்ததில்லை. நான் அப்பா மாதிரி இல்லை என்று பேச்சியிடம் சொல்லித்தான் கட்டினேன். சொன்ன இடம்கூட இந்த லேப்தான், இந்த ஜன்னல் பக்கம். அவளுடைய பொடி அப்போது ஆறாவது மணியில் செத்துப்போனது. ஆறு மணி நேரத்தில் செத்தது என்று கூட்டத்தில் அப்படியே எழுந்து சொன்னாள். மறைக்கத் தெரியாதவள். எல்லாரும் சிரித்தார்கள், சார் சிரித்தார், நானும். இப்போது புத்தியில் உறைக்கிறது, அவள் கொஞ்சமாகத்தான் போட்டிருப்பாள். எங்கள் எல்லாருடையதும் அதே நேரத்தில் அதே மாதிரி செத்துக்கொண்டுதான் இருந்திருக்கும், நாங்கள் பிணத்தின் மேல் ஆளை ஏற்றிக்கொண்டே இருந்தோம். அவளைப் பார்த்துச் சிரித்தோம். அவள் வெளியே போனாள். இதை நேற்றுக் காலையே நான் அறிவேன். அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, கன்னத்தில் கை படுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது, தெரிந்ததால்தான் கை போனது. இல்லை. நானூறு வரும். வராவிட்டால்? வராவிட்டால் ஒன்று செய்யலாம், வலது விளக்கின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விளக்கு பாதியில் போயிற்று என்று எனக்கு நானே எழுதிக்கொள்ளலாம். அல்லது இந்த இரும்பு ஸ்டாண்டைத் தூக்கி ஒரே போடு, இரண்டு பாத்திரமும் சேர்ந்து போகட்டும், கண்ணாடி சிதறி, கண்ணில் பட்டால் படட்டும். ஒரு தீக்குச்சி போதும், உள்ளே இருக்கிற ஹைட்ரஜன் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஸ்டாண்டின் கழுத்தைப் பிடித்துப் பார்த்தேன். நல்ல கனம். ஞானதுரை சார் வழுக்கைத் தலையை நினைத்தேன், ஏன் அவர் தலை ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை, அவர் எனக்கு என்ன கெடுதல் செய்தார். அளவாக ஒரு போடு. உள்ளேயிருந்து என்ன வரும், இருநூறு, இருநூறு, இருநூறு என்று கொட்டும். சீ. வைத்தேன். போனை எடுத்தேன். பேச்சியிடமிருந்து கடைசிச் செய்தி வந்தது முந்தாநாள், பால் வாங்கிட்டு வாங்க என்று இருந்தது. அதற்குக் கீழே எழுத ஆரம்பித்து, அடித்தேன், அழித்தேன், அடித்தேன், அழித்தேன். இந்த அடித்தேனும் வாய்க்கு வருகிறதே. மூன்று மணிக்கு மேல் எழுதுவோம், விடை தெரிந்த பிறகு எழுதுவோம் என்று வைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கக்கூட ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற ஆள்.

மூன்று. முதலில் இடது. குத்தி, உறிஞ்சி, கருவியின் வாயில் செலுத்தினால் ஒன்றரை நிமிஷத்தில் திரையில் ஒரு மலை எழும்பும். எழும்பியது. நேற்றைய மலை, முந்தாநாள் மலை, அதே மலை. நூறாவது மணி, நேர்க்கோடு. கை தட்ட ஆள் இல்லை. அடுத்தது வலது. ஊசியைக் குத்தும்போது ரப்பர் கொஞ்சம் முரண்டு பிடித்தது, இன்னும் அழுத்திக் குத்தினேன், வழுக்கி என் இடது கட்டைவிரலில் நுனி இறங்கி ஒரு சொட்டு ரத்தம் வந்தது. நல்லது, வரட்டும். மறுபடி குத்தி உறிஞ்சிச் செலுத்தினேன். பத்து விநாடி. நாற்பது. அறுபது. சாமி எதையும் கும்பிடாத நான் கும்பிட்டேன், என்ன கும்பிட்டேன் என்றால், அவள் தப்பாக இருக்க வேண்டும் என்று. தொண்ணூறு. திரையில் கோடு லேசாக முதுகைத் தூக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது. முப்பத்தெட்டு. நானூற்றுப் பத்து இருந்த இடத்தில் முப்பத்தெட்டு. ஊசி ஒழுகியிருக்கும் என்று மறுபடி போட்டேன். முப்பத்தேழு. தாளைப் பிடித்துக் கிழித்தேன். உள்ளே அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளிறிக் கிடந்தது, மஞ்சள் எங்கும் இல்லை, கறுப்பாக நூல் நூலாக ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. என்ன அது என்று ஒரு நிமிஷம் புரியவில்லை. தோல். நான் நாலு வருஷம் கருக்கிக் கருக்கிப் போட்ட தோல், கிழியாமல், அழகாக, அப்படியே. உள்ளே இருந்தது மட்டும் போய்விட்டது. பேச்சி சொன்னது சரி. ஒவ்வொரு வார்த்தையும் சரி. கன்னத்தில் வாங்கிக்கொண்டு கண்ணாடியைக் கழுவிப் போட்டுக்கொண்டு போனாளே, அவள் சரி. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது கோபம்தான், அதுவும் அவள் மேல்.

ஞானதுரை சார் வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார், வெள்ளைச் சட்டையில் வியர்வை, கையில் அல்வாப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தபடி. "என்னப்பா மாரீஸ்வரா, சதம் அடிச்சிட்டியா?" நான் மறைத்திருக்கலாம். வலது பாத்திரத்தைத் தொட்டியில் கொட்டினால் யாருக்கும் தெரியாது. நேர்மையால் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், யாரையாவது ஓங்கி அடிக்க வேண்டும் போலிருந்தது, கையில் அகப்பட்டது இந்த உண்மைதான். "எல்லாம் செத்துப்போச்சு சார்," என்றேன். "நூறு மணி நேரமும் பொய். நாம அளவுக்கு மேல போடுறோம். முன்னால உள்ளது சாகுது, பின்னால உள்ளது வருது. பத்துல ஒரு பங்கு போட்டேன், ஒரே நாள்ல பொணம். பன்னெண்டு வருஷமா இந்த லேப்ல யாரு என்ன செஞ்சிருந்தாலும் இதே கததான் சார்." அவர் முகத்தில் விழும் ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டே சொன்னேன். சிரிப்பு போனது, கன்னம் தொங்கியது, ஸ்டூலைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். அல்வா விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை. வலது பாத்திரத்தை ரொம்ப நேரம் பார்த்தார். திட்டுவார், கத்துவார், நானும் பதிலுக்குக் கத்தலாம் என்று உடம்பை முறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் மெதுவாகக் கேட்டார். "இப்படிப் போட்டுப் பாக்கணும்னு யாருக்குப்பா தோணுச்சு?"

"எனக்குத்தான் சார்," என்றேன். யோசிக்கவே இல்லை, மூச்சு விடுகிற மாதிரி வந்துவிட்டது. அவர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார், கண் கலங்கியிருந்தது. "நாலு வருஷ வேலைய நீயே ஒடச்சிட்டு வந்து என் முன்னால நிக்கிறியே, இதுக்கு ஒரு நெஞ்சு வேணும். வருத்தப்படாத. எல்லா லேப்லயும் இந்தத் தப்பு நடக்குதுப்பா, யாரும் வெளிய சொல்றதில்ல. இதையே எழுதுவோம். ஒன் பேரப் போட்டே எழுதுவோம்." தோளில் இருந்த கை கனமாகவும் சூடாகவும் இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சார், நான் இல்லை, பேச்சியம்மாள், உங்களிடம் மூன்று வருஷம் இருந்தாளே, ஆறாவது மணியில் செத்தது என்று எழுந்து சொன்னாளே, அவள். பத்து வார்த்தை இருக்காது. நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அவர் கை கழுவப் போனார்.

மேஜையில் போன் துடித்தது. பேச்சி. மூன்றரைக்கு அவளுக்கு இடைவேளை. எடுத்தேன். பின்னால் பிள்ளைகள் கூச்சல், அதற்கு நடுவில் அவள் மூச்சு. "முடிஞ்சுதா?" என்றாள். முடிந்தது என்றேன். "சாப்பிட்டீங்களா?" சாப்பிட்டேன் என்றேன், சாப்பிடவில்லை. அடித்ததைப் பற்றி நான் பேசுவேன் என்று அவள் காத்திருந்தாள், எனக்குத் தெரிந்தது, கிழித்த தாளைக் கசக்கி உருட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் அவளே, குரலை இறக்கி, "நான் சொன்ன மாதிரிப் போட்டுப் பாத்தீங்களா? பத்துல ஒண்ணு?" என்றாள். வலது பாத்திரத்தில் அந்தக் கறுப்புத் தோல்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் சொன்னது சரி என்று சொன்னால் அதற்கு அடுத்த வார்த்தையும் நான்தான் சொல்ல வேண்டும், அதற்கு அடுத்ததும், அப்புறம் சாரிடம் போய் இன்னொன்றும், அப்புறம் வாழ்நாள் முழுக்க அந்தக் கன்னத்தைப் பார்த்துக்கொண்டு ஒரே தட்டில் சாப்பிட வேண்டும்.

"பாத்தேன்," என்றேன். "அப்படியேதான் நிக்கிது. நீ சொன்னது தப்பு."

அந்தப் பக்கம் மூச்சு ஒன்று நீளமாக வெளியே வந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நல்லவேள," என்றாள். "நேத்துலேருந்து வகுப்புல நிக்கவே முடியல, நான் சொன்னது தப்பா இருக்கணும் தப்பா இருக்கணும்னு அம்மனக் கும்பிட்டுக்கிட்டே இருந்தேன். நாலு வருஷ ஒழப்புல்லா. நான் ஒருத்தி, அஞ்சு வருஷமாச்சு, படிச்சதெல்லாம் மறந்து போச்சு, சாப்பிடுத நேரத்துல வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். கோவப்படாதீங்க, என்ன? இனும இதுல நான் பேச மாட்டேன். சாயந்தரம் வாங்க, கண்ணாடி ரிப்பேருக்குக் குடுக்கணும், சேந்து போவலாம்."